ஒன்பது இருபத்தைந்துக்குத் திறக்கும் அருவி

மார்ச் 16, திங்கட்கிழமை
அணை ஊழியர் குடியிருப்பு

அக்கா,

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 10 மணி 7 நிமிடம். நாற்பத்தொரு பேர்.

உன் அருவிக் கழகத்தின் இணையப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோக்காரர் போட்டிருக்கும் படத்தைச் சொல்கிறேன். நேரத்தை அவரே படத்தின் மூலையில் பொறித்திருக்கிறார். தலைகளை நான் எண்ணினேன், இரண்டு முறை. நாற்பத்தொரு பேரும் அருவிக்கு நேர் கீழே, ஆற்றின் நடுவில் இருக்கும் வட்டப் பாறையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அதே காலை 9:25க்கு நான் இங்கே அணையின் இரண்டாம் எண் ஷட்டரைத் திறந்தேன். இங்கிருந்து அந்தப் பாறைக்குப் பதினொரு கிலோமீட்டர். தண்ணீர் போய்ச் சேர நாற்பத்தாறு நிமிடம். கூட்டிப் பார், 10:11. அவர்கள் சிரித்ததற்கும் தண்ணீர் வந்ததற்கும் நடுவில் நான்கு நிமிடம்.

இனி போன் பண்ணாதே என்று சொன்னாய். இருந்தும் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. உன் தலைவர் லாட்ஜ்காரருக்கும் பண்ணினேன். "சொல்லுங்க சார், அருவி பார்க்க எத்தனை ரூம்?" என்றார். வைத்துவிட்டேன். அந்த ஆளிடம் பேசுவதற்கு என் ஷட்டரிடம் பேசலாம், எண்ணெய் போட்டால் அதாவது அசையும். அதனால்தான் காகிதம். டவுனுக்கு வரும் எங்கள் ஊழியர் வண்டி டிரைவர் கொண்டுவந்து தருவார்.

உங்கள் துண்டுப்பிரசுரமும் நேற்றுதான் கைக்குக் கிடைத்தது. 'வாரம் ஒருமுறை மூச்சு விடும் மலை! சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் காணுங்கள்!' ஒன்பது வருடமாகக் காய்ந்து கிடந்த அருவியில் பிப்ரவரி 7ஆம் தேதி திடீரென்று தண்ணீர் விழுந்தது. 14ஆம் தேதி விழுந்தது. 21ஆம் தேதி விழுந்தது. மூன்று சனிக்கிழமை பார்த்துவிட்டு நாலாவது வாரம் கழகம் ஆரம்பித்துவிட்டீர்கள். எங்கேயிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. துணைத் தலைவர் மட்டும் நாலு பேர்!

மூச்சு விடுவது மலை இல்லை, என் மோட்டார். ஷட்டருக்குப் புது மோட்டார் மாட்டியிருக்கிறோம். எட்டு சனிக்கிழமை சோதனை ஓட்டம். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் திறந்து மூட வேண்டும், திறப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் வாரம் ஐந்து சென்டிமீட்டர். போன சனிக்கிழமை இருபது. வரும் 21ஆம் தேதி முப்பத்தைந்து. 28ஆம் தேதி அறுபது. அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஷட்டர் பழையபடி மூடியே இருக்கும். தண்ணீரெல்லாம் வழக்கம்போல சுரங்கக் குழாய் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் மின்நிலையத்துக்குப் போகும். ஏப்ரலில் உங்கள் மலைக்கு மூச்சு நின்றுவிடும்.

இருபது சென்டிமீட்டருக்குக் கால் நனைந்தது, கைதட்டினார்கள். முப்பத்தைந்துக்குப் பாறை மேல் இடுப்பளவு வரும், மூன்றே நிமிடத்தில். அறுபதுக்குப் பாறையே தெரியாது.

'ஒருங்கிணைந்த அருவிச் சுற்றுலாத்தல மேலாண்மை மேம்பாட்டு சந்தைப்படுத்தல் கழகம்.' ஏழு சொல். சந்தைப்படுத்துகிறீர்கள், பார்க்கிறேன். மேலாண்மை என்றால் என்ன தெரியுமா? பாறையில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்வது. நீதானே செயலாளர். அதை மட்டும் செய்.

தம்பி

*

மார்ச் 17, செவ்வாய்
கழக அலுவலகம்

இன்ஜினியர் துரைக்கு,

கடிதம் கிடைத்தது. "அவசரம்னு சொல்லச் சொன்னாரு மேடம். கொஞ்சம் திட்டவும் சொன்னாரு, அது மட்டும் எனக்கு வரல" என்றார் உன் டிரைவர். உன்னைவிட மரியாதை தெரிந்த மனிதர்.

முதலில் ஒன்று. மார்ச் 1ஆம் தேதி தொடக்க விழாவுக்கு வந்தாய். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மேடையில் கரும்பலகையை வைத்து, மலைக்குள்ளே ஒரு பெரிய குகை இருக்கிறது, ஊற்று நீர் அதில் ஏழு நாள் நிறைகிறது, நிறைந்ததும் மொத்தத் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடுகிறது என்று படம் போட்டு விளக்கினார். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டுகூட இல்லை. ஊரே திரும்பிப் பார்த்தது. "இந்தக் கூத்துக்கா என் ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்தே?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டுவிட்டு எழுந்து போனாய். தண்ணீர் உன் ஷட்டரிலிருந்து வருகிறது என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். சிரித்தாய். சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து எனக்கு மேலாண்மைப் பாடம் எடுக்கிறாய்.

இவர்கள் கோமாளிகள் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். போன கூட்டத்தில் வழிகாட்டிகளின் தொப்பிக்கு என்ன நிறம் என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

"நீலம்தான். தண்ணி கலரு" என்றார் ஜீப் சங்கத் தலைவர்.

"தண்ணிக்கு ஏதுங்க கலரு? முப்பது வருஷமா போட்டோ எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அப்ப கலரே இல்லாத தொப்பியா வாங்கிக் குடுங்க."

லாட்ஜ்காரர் உட்குழு அமைத்தார். தொப்பிக்கு!

ஆனால் இதே கோமாளிகள்தான், மில் மூடிப் பதினான்கு மாதம் ஊர் படுத்துக் கிடந்தபோது எழுந்து உட்கார்ந்த முதல் ஆட்கள். மில் ஆபீஸில் பன்னிரண்டு வருடம் ஓடியாடிய நான், அந்தப் பதினான்கு மாதமும் வீட்டு ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாட்ஜில் பதினாறு அறை, பதினைந்தில் பூட்டு துருப்பிடித்திருந்தது. இப்போது சனிக்கிழமை என்றால் ஆள் நிற்க இடமில்லை. நீ மேலே உட்கார்ந்துகொண்டு மாதம் ஒருமுறை கீழே வருகிறவன். உனக்கு எல்லாம் சிரிப்புதான்.

28ஆம் தேதி சுற்றுலாத் துறையின் ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் அங்கீகாரம் தந்தால் கழகம் நிற்கும், என் வேலை நிரந்தரமாகும். தராவிட்டால் கலைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். குழு வந்து சேரப் பதினொரு மணி ஆகுமாம். உன் ஓட்டத்தை அன்றைக்கு மட்டும் 10:30க்கு வைத்துக்கொள்ள முடியுமா?

பாறைக்குக் கயிறு கட்ட ஏற்பாடு செய்கிறேன். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் இந்த வாரமே கழகம் போய்விடும். ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 18, புதன்

அக்கா,

சிரித்தது உண்மை. மேடையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும், வெளியூர்க்காரர்கள் காதில் பூ சுற்றுவதற்காகக் குகைக் கதை விடுகிறார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே நம்புகிறார்கள் என்று நினைக்கும் அளவுக்கு நான் யாரையும் மட்டமாக எடை போட்டதில்லை. அது என் தப்பு.

10:30க்கு வைக்க முடியாது. அட்டவணை செயற்பொறியாளர் கையெழுத்துப் போட்டது. ஆய்வுக் குழு ஜீப்பிலிருந்து இறங்கி, தலை வாரி, போட்டோவுக்கு நிற்கும்வரை அணை காத்திருக்காது.

உங்கள் சின்னத்தைப் பார்த்தேன். வேலை இல்லாத நேரத்தில் அளந்தும் பார்த்தேன். அருவிக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறான் அல்லவா, அவன் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த அருவியில் வினாடிக்கு எண்ணூறு கன மீட்டர் விழுகிறது. அவ்வளவு தண்ணீர் நிஜமாக வந்தால் லாட்ஜின் பதினாறு அறையும், மூடிய மில்லும், தொப்பி உட்குழுவும் கடலில்தான் போய்ச் சேரும். அந்த மனிதன் குடை பிடித்திருக்கிறான். யார் யோசனை?

'உண்மையைச் சொன்னால் கழகம் போய்விடும்.' எழுதியதை நீயே இன்னொரு தடவை படித்துப் பார். ஒரு வரி உண்மையைத் தாங்காத கழகம் எத்தனை பேரை ஒரு பாறையில் தாங்கும்? 'ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.' உங்கள் மொத்தத் தொழில்நுட்பமும் இந்த மூன்று சொல்தான். மில்லையும் இப்படித்தான் சமாளித்தார்கள்.

நீ எழுந்து உட்கார்ந்தவர்கள் என்று சொல்கிற ஆட்கள் எழுந்து உட்காரவில்லை. மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது, விழித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, எழுத்தில் இருக்கிறது. 21ஆம் தேதி, 9:25, முப்பத்தைந்து சென்டிமீட்டர், இருபது நிமிடம். கயிறு கட்டினால் கட்டு. அதற்கு மேல் நனைகிறவன் நனையட்டும்.

தம்பி

*

மார்ச் 22, ஞாயிறு
அரசு மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு வராந்தா

கயிறு கட்டினேன்.

9:50க்குப் போனபோது பாறையில் அறுபத்து மூன்று பேர். கயிற்றை இந்தக் கரையில் ஒரு மரத்தில் கட்டி, மறுமுனையைப் பாறை வரை இழுத்துக்கொண்டு போய், "எல்லாரும் கரைக்கு ஏறுங்க, பராமரிப்பு வேலை நடக்குது" என்றேன். காரணத்தைச் சொல்ல முடியாதவள் வேறு என்ன சொல்வாள். ஒருவரும் அசையவில்லை. "பாறைக்கு என்ன மேடம் பராமரிப்பு, கிரீஸ் போடுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் என்னையும் கயிற்றையும் சேர்த்துப் படம் எடுத்தார். நானும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்.

10:02 ஆனது. அதற்கு மேல் சமாளிக்கத் தெரியவில்லை. "தண்ணி வருது! செத்துப்போவீங்க!" என்று கத்தினேன். தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. அப்போது ஓடினார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் கரை ஏறிவிட்டார்கள். நான் எண்ணினேன்.

மீதி ஐந்து பேர் யார் தெரியுமா? நிர்வாகக் குழு. உனக்கு ஒன்று எழுதாமல் விட்டேன், வெட்கமாக இருந்தது. பாறை உச்சியை 'முக்கியப் பிரமுகர் பகுதி' என்று போன வாரமே தீர்மானம் போட்டு, வெள்ளை பெயின்டில் வட்டம் அடித்துவிட்டார்கள். அருவி நேராக முகத்துக்கு விழுகிற இடம் அதுதானாம். ஐந்து பேரும் வட்டத்துக்குள் நின்றார்கள்.

"செயலாளரம்மா, பொதுமக்களை இறக்கிட்டீங்க, சரி. நிர்வாகக் குழு இருக்கலாம்ல?" என்றார் ஜீப் சங்கத் தலைவர்.

"தண்ணிக்கு நிர்வாகக் குழுன்னெல்லாம் தெரியாதுங்க!"

"அப்ப அறிமுகப்படுத்தி வைங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

10:11க்கு வந்தது. நாலு பேர் என்னோடு கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் பிடிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து பதினொண்ணு! பார்த்தீங்களா, போன வாரத்துல இருந்து ஒரு நிமிஷம் மாறல!" என்று கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு போனார். இருபது அடி தள்ளி இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கினார். ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்துப் பிடித்தார். முட்டிச் சில்லு உடைந்திருக்கிறது. எழுபத்தொரு வயது. இனி கைத்தடி இல்லாமல் நடப்பாரா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நேற்று மதியமே இதே வராந்தாவில் அவசரக் கூட்டம். உன் முதல் கடிதத்தை எழுந்து நின்று முழுக்கப் படித்தேன், லாட்ஜ்காரரைப் பற்றி நீ எழுதியதையும் சேர்த்து. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப தண்ணியத் திறக்கறது உங்க தம்பியா?" என்றார் லாட்ஜ்காரர்.

"ஆமா."

"நம்ம தம்பின்னு சொல்லுங்கம்மா!"

கைதட்டினார்கள், தம்பி. ஈரத் துணியோடு உட்கார்ந்துகொண்டு கைதட்டினார்கள். உன்னைக் கௌரவ 'நீர்வரத்து ஒருங்கிணைப்பாளர்' ஆக்கித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நகல் இணைத்திருக்கிறேன். 28ஆம் தேதி ஆய்வுக் குழுவுக்கு அந்த வெள்ளை வட்டத்துக்குள் நாற்காலி போடப் போகிறார்களாம். "ஒரு சாண் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்க, படத்துல எடுப்பா இருக்கும்" என்றார் ஜீப் சங்கத் தலைவர். உயிரோடு இருப்பதே கயிற்றால்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதத்தை நாலு நாள் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தவள் நான். வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த முட்டி என் பொறுப்பு. உன் மேல் சுமத்த மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. நனைகிறவன் நனையட்டும் என்று எழுதினாய். சனிக்கிழமை 9:25க்கு என்ன நினைத்துக்கொண்டு திறந்தாய்?

அக்கா

*

மார்ச் 23, திங்கள்

அக்கா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

அட்டவணையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. கீழே ஆற்றுப்படுகையில் ஆட்கள் இருப்பதாகத் தகவல் கிடைத்தால், இயக்குபவர் தன் பொறுப்பிலேயே ஓட்டத்தை நிறுத்தி வைக்கலாம். காரணத்தைப் பதிவேட்டில் எழுதினால் போதும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இயக்குபவர் நான். தகவலும் என்னிடம் இருந்தது. படத்தில் தலை எண்ணியவனே நான்தான். உன்னிடம் அட்டவணை, கையெழுத்து, செயற்பொறியாளர் என்று அளந்தேனே, இந்தப் பத்தியை மட்டும் எழுதவில்லை.

9:25க்கு என்ன நினைத்தேன் என்று கேட்டாய். நனையட்டும் என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. பயந்து ஓடட்டும், தொப்பி மிதக்கட்டும், லாட்ஜ்காரர் தவழ்ந்து கரை ஏறட்டும், அதை ஸ்டுடியோக்காரர் படம் எடுத்துப் போடட்டும், நான் இங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அறுபத்து மூன்று பேர் என்று நினைக்கவில்லை. நாலு துணைத் தலைவர் என்று மட்டும்தான் நினைத்தேன். பிறகு டீ குடித்தேன். பதிவேட்டில் 'சோதனை ஏழு, இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ அங்கே இருப்பாய் என்பதும் தோன்றவில்லை. கயிறு கட்டச் சொன்னவன் நான். கட்டுகிறவள் தண்ணீருக்கு நடுவில் நிற்பாள் என்பது கணக்கில் வரவில்லை. சென்டிமீட்டர் சுத்தமாகக் கணக்குப் போடத் தெரிந்தவன்.

தீர்மான நகலைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு கயிற்றையும் ஐந்து பேரையும் ஒருங்கிணைக்கத் தெரியாதவர்கள் எனக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி கொடுக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் நினைத்தது எதுவும் மாறவில்லை. முன்பைவிட மோசம். உடைந்த முட்டியைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு அகலமாகத் திற என்று கேட்கிற ஆட்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எட்டாவது ஓட்டத்தைத் தள்ளி வைக்கும்படி செயற்பொறியாளருக்கு இன்று எழுதிக் கொடுத்தேன்.

28ஆம் தேதி நான் என்ன செய்ய வேண்டும்? கேட்கிறேன், பாடம் எடுக்கவில்லை. வேலை உன்னுடையது.

தம்பி

*

மார்ச் 25, புதன்
கழக அலுவலகம்

தம்பி,

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுத்தான். உதவியாளர் பெண் பயந்து டீ வாங்கிக்கொண்டு வந்தாள். மன்னித்தேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் கால் தரையில் பாவவே இல்லை. அதை மறக்க எனக்கு நாளாகும்.

தலைமையாசிரியரை இன்றும் போய்ப் பார்த்தேன். அணைத் தண்ணீர் என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு தண்ணியும் ஒரே நேரத்துல வந்திருக்கும்மா" என்றார். "அணைத் தண்ணி ஒண்ணு, குகைத் தண்ணி ஒண்ணு. அதான் இவ்வளவு வேகம்."

காலில் மாவுக்கட்டு, கையில் பென்சில். கட்டின் மேலேயே குகைப் படம் வரைந்து வைத்திருக்கிறார்.

நேற்று நாற்காலி வந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டு. சிவப்பு உறை போட்டது. பாறையில் வழுக்காமல் இருக்கக் காலுக்கு ரப்பர் வேறு மாட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடாம்! நாற்காலியைக் கரையில் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். "கரையில உக்காந்தா கரைதான் தெரியும்" என்றார் லாட்ஜ்காரர். வாக்கெடுப்பு நடந்தது. நான் மட்டும் தனி. ஸ்டுடியோக்காரர் கையைப் பாதி தூக்கினார், ஜீப் சங்கத் தலைவர் திரும்பிப் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

கேட்டாயே, சொல்கிறேன். திறக்காதே.

ஆய்வுக் குழுவைக் காய்ந்த பாறைக்கு முன்னால் நிறுத்தி நானே சொல்லப் போகிறேன். இந்த ஊரில் அருவி இல்லை, ஏழு சனிக்கிழமை ஒரு மோட்டார் ஓடியது, அதை நம்பி ஒரு கழகம் கட்டினோம், ஒருவரைக் கிட்டத்தட்டக் கொன்றோம் என்று. அதற்கு அப்புறமும் அவர்கள் உட்கார்ந்திருந்தால், மாதம் ஒருமுறை, பாறையைப் பூட்டி, ஆட்களைக் கரையில் நிறுத்தி, அணையோடு ஒப்பந்தம் போட்டுத் தண்ணீர் விட முடியுமா என்று கேட்பேன். எழுந்து போய்விட்டால் போகட்டும். என் நாற்காலியும் அன்றைக்கே போய்விடும். தெரியும். லாட்ஜ்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உன் செயற்பொறியாளரைப் பார்க்க ஒரு தூதுக்குழுவே கிளம்பிவிடும்.

நீ திறக்காவிட்டால் உனக்கு என்ன ஆகும்? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுது.

அக்கா

*

மார்ச் 26, வியாழன்
அணை இயக்க அறை

அக்கா,

செயற்பொறியாளர் பதில் சொல்லிவிட்டார். என் கடிதத்தை மேசை மேல் தட்டிக்கொண்டே, "தம்பி, அணைக்குக் கீழ ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்ம எல்லை. சைரன் வெச்சிருக்கோம், போர்டு வெச்சிருக்கோம். அதுக்கு அப்புறம் ஆறு யாரோடதோ" என்றார். பாறை பதினொரு கிலோமீட்டரில் இருக்கிறது என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். ஓட்டத்தை நடத்தி முடித்துச் சனிக்கிழமை மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். மோட்டார் கம்பெனிக்காரர்கள் காத்திருக்கிறார்களாம். உங்கள் ஆட்கள் வட்டம் போட்டு நிற்கிறார்கள் என்றால் இவர் கோடு போட்டு நிற்கிறார். இவரை ஐந்தாவது துணைத் தலைவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொப்பி சரியாகப் பொருந்தும்.

அவரை அந்த வரிசைக்கு அனுப்பும் முன் என்னையும் அங்கே நிற்க வைத்துப் பார்த்தேன். உயரம் கொஞ்சம்தான் வித்தியாசம்.

எனக்கு என்ன ஆகும் என்று கேட்டாய். ஓட்டத்தை நிறுத்தியதற்கு மெமோ வரும், அந்தப் பத்தியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். அது பெரிய விஷயமில்லை. வேறு ஒன்று இருக்கிறது, கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்குத் தப்பிக்க வழி இல்லை. வேலை போகலாம், போலீஸும் வரலாம். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வீட்டில் உட்கார நேர்ந்தால் ஒருத்தரை ஒருத்தர் கொன்றுவிடுவோம், அதற்கு மட்டும் இப்போதே ஏதாவது யோசித்து வை.

மாதம் ஒருமுறை தண்ணீர் விடுவதற்கு நீ சொன்ன யோசனை முட்டாள்தனமாக இல்லை. பத்து சென்டிமீட்டர் போதும். கணக்கு இணைத்திருக்கிறேன். குழுவிடம் கொடு, என் பெயர் வேண்டாம்.

இனி நான் செய்யப் போகிறவை, சுலபமானது முதலில்:

1. சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து இயக்க அறையில் இருப்பேன். மோட்டார் பலகையின் சாவி என் சட்டைப் பையில் இருக்கும். ஷட்டரைத் திறக்க மாட்டேன். உங்கள் ஊரிலிருந்து தூதுக்குழு வந்தால் டீ கொடுத்து உட்கார வைப்பேன்.

2. பதிவேட்டில் 'சோதனை எட்டு, நடத்தவில்லை, கீழே ஆட்கள்' என்று எழுதுவேன். செயற்பொறியாளருக்கு நகல் அனுப்புவேன். கோடு எங்கே இருக்கிறது என்பதை அவரே வந்து பாறையில் வரையட்டும் என்றும் சேர்த்து எழுதுவேன்.

3. பாறைக்குப் போகும் பாதைக்கு இரும்புக் கதவும் ஒரு நீர்மட்ட மணியும் எப்படி அமைப்பது என்று வரைபடம் போட்டுத் தருவேன். உட்குழுவுக்குக் காட்டாதே. காட்டினால் கதவின் நிறத்துக்கே ஆறு மாதம் எடுப்பார்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்கு வருவேன். தலைமையாசிரியரிடம், உங்களை அடித்தது குகை இல்லை, நான்தான், நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று தெரிந்தே திறந்தேன் என்று சொல்வேன். அவர் மாவுக்கட்டைக் காட்டி விளக்க ஆரம்பித்தால் முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

5. அதற்கு முன்னால், நாளை வெள்ளிக்கிழமை காலை, பதிவேட்டில் மார்ச் 21ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, 'இயல்பு' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடிப்பேன், கீழே இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் எழுதுவேன்: 'ஆற்றில் ஆட்கள் இருப்பது தெரியும். நிறுத்த அதிகாரம் இருந்தது. திறந்தேன். ஒருவர் முட்டி உடைந்தது.' தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

தம்பி